பாக்கி நோட்டுக்கு ஆயுசு 3 வருஷம்தான்!

சென்னை வியாபாரிகளே, உஷார்!

"கடன் அன்பை முறிக்கும்" என்ற அட்டை பல மளிகைக் கடைகளில் தொங்கும். அதற்கு நேர் கீழே, கல்லாவுக்குள் தடியாக ஒரு பாக்கி நோட்டும் இருக்கும்!

"ஒண்ணாம் தேதி தர்றேன் அண்ணாச்சி" என்பார் வாடிக்கைக்காரர். பழகின முகம். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? மயிலாப்பூர் மாடவீதியானாலும் சரி, தி.நகர் சந்தானாலும் சரி, அடையாறானாலும் சரி, இதே கதைதான். மெஸ்காரர், ஓட்டல்காரர் என்றால் பாக்கி ஆயிரக்கணக்கில் ஏறிவிடும்.

வாசலில் தண்டல்காரர்

வரவேண்டியது வரவில்லை. சரக்கு போட்ட மொத்த வியாபாரி விடுவாரா? கடைக்காரர் தண்டல் வாங்குகிறார். 10 ஆயிரம் ரூபாய்க் கடனில் ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு 9 ஆயிரம் கைக்கு வருகிறது என்று வையுங்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். வருஷக் கணக்கில் பார்த்தால் வட்டி 75 சதவீதத்தைத் தாண்டுகிறது!

வாங்கிய கடன் தினமும் கதவைத் தட்டுகிறது. கொடுத்த கடனோ நோட்டிலேயே தூங்குகிறது. தூங்கித் தூங்கிச் செத்தும் போகிறது.

சட்டம் சொல்வது என்ன?

1963-ம் வருஷத்துக் காலவரையறைச் சட்டப்படி, தவணை பேசாமல் கடனுக்குக் கொடுத்த சரக்குக்கு, கொடுத்த நாளிலிருந்து 3 வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். தவணை பேசியிருந்தால், அது முடிந்த நாளிலிருந்து 3 வருஷம். அதற்குப் பிறகு போனால் கோர்ட்டு தள்ளிவிடும்.

நம் நோட்டில் நாமே எழுதிய கணக்கு மட்டும் சாட்சியாகப் போதாது.

வழி உண்டு. கெடு முடியுமுன் கடன்காரர் "பாக்கி இவ்வளவு" என்று எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால், அன்று முதல் புதிதாக 3 வருஷம் கிடைக்கும். கொஞ்சம் பணம் கட்டினாலும் அப்படியே. ஆனால் கட்டியதை அவர் கைப்பட எழுதியிருக்க வேண்டும், அல்லது அவர் கையெழுத்து இருக்க வேண்டும்.

செக் திரும்பினால்...

செக் கொடுத்து, பணமில்லாமல் திரும்பிவிட்டதா? பாங்க் தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் விட வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளில் அவர் பணம் தராவிட்டால், அதன்பின் ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார் செய்ய வேண்டும். "நாளைக்குத் தர்றேன்" என்ற பேச்சை நம்பி உட்கார்ந்தால் கெடு ஓடிவிடும்!

மாதம் ஒரு நாள்

மாதம் ஒரு நாள் பாக்கி நோட்டைப் புரட்டுங்கள். பழைய பாக்கியை முதலில் கேளுங்கள். ஆளுக்கு இவ்வளவுதான் கடன் என்று ஒரு கோடு போடுங்கள். அது தாண்டினால் ரொக்கம்தான்.

"கணக்கு சரிதானே சார்? தேதி போட்டு ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க" என்று சிரித்த முகமாகக் கேளுங்கள். நல்ல உறவு இருக்கும்போதே கேட்டு வாங்க வேண்டும். சண்டை வந்த பிறகு எவர் கையெழுத்துப் போடுவார்?