பாதி நமக்கு, பாதி வாடகைக்கு! பழைய வீட்டைப் புதுப்பிக்கும் முன் கவனிக்க வேண்டியவை

கொடைக்கானல் மலையடிவாரத்தில், வத்தலக்குண்டு - பெரியகுளம் சாலையில் இருக்கிறது கெங்குவார்பட்டி. இதுபோன்ற ஊர்களில், ஒரு காலத்தில் பத்துப் பேர் புழங்கிய வீட்டில் இன்று அப்பாவும் அம்மாவும் மட்டும் இருப்பது சகஜம். பிள்ளைகள் மதுரையிலோ, திருப்பூரிலோ, சென்னையிலோ இருப்பார்கள். 'பின்கட்டைப் பிரித்து வாடகைக்கு விட்டால் மருந்துச் செலவுக்காவது ஆகும். பேச்சுத் துணையும் கிடைக்கும்' என்ற யோசனை அப்போதுதான் வரும். நல்ல யோசனைதான். ஆனால், கொத்தனாரைக் கூப்பிடும் முன் சில விஷயங்களை முடிவு செய்துவிட வேண்டும்.

முதலில் பட்டா

வீடு இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறதா? அப்படியானால் வாரிசுகள் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு, கட்டிக்கொடுத்த பெண்களுக்கும்தான். செலவு செய்வது யார், வாடகை யாருக்கு என்பதை அண்ணன், தங்கைகள் உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்வது நல்லது. சுவரை இடித்த பிறகு வரும் சண்டையைச் சமாளிப்பது கஷ்டம்.

வேலையில் வரிசை முக்கியம்

ஆட்கள் குடியிருக்கும்போதே வேலை நடப்பதால், புதிய கழிவறையை முதலில் கட்டி முடியுங்கள். அதன்பின் பழையதில் கைவைக்கலாம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் கூரை வேலை முடிந்துவிட வேண்டும். ஓட்டு வீடு என்றால் சட்டம், ரீப்பர்களில் கரையான் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து வயரிங், குழாய். பூச்சு, தரை, பெயின்ட் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

மண் சுவர், சுண்ணாம்புச் சுவர் மீது சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, பூச்சு உப்பி உதிரும். அங்கே சுண்ணாம்புப் பூச்சே பொருத்தம். பழைய வயரிங்கை மாற்றும்போது எர்த்தும், மின்கசிவு வந்தால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் போட மறக்காதீர்கள்.

கணக்கு கட்டுமா?

உதாரணத்துக்கு, 3 லட்சம் ரூபாய் செலவு செய்து 5,000 ரூபாய் வாடகை கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். வருடத்தில் ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் வரவு 55,000 ரூபாய். போட்ட பணம் திரும்ப ஐந்தரை வருடம் ஆகும். வட்டிக்குக் கடன் வாங்கினால் இன்னும் நீளும். அதனால் ஒழுகாத கூரை, நல்ல கழிவறை, தண்ணீர் வசதி ஆகியவற்றுக்கு முதலில் செலவிடுங்கள். பளபளக்கும் டைல்ஸ் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வாய் வார்த்தை போதாது

தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் வேண்டும். தனியாகப் பேசி எழுதிக்கொள்ளாவிட்டால், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. வாடகைப் பகுதிக்குள் போக 24 மணி நேரம் முன்பே தகவல் சொல்ல வேண்டும். மனஸ்தாபம் வந்தாலும் தண்ணீரையோ கரன்ட்டையோ நிறுத்தக் கூடாது. ஒரே மோட்டார் என்றால் தண்ணீர் விடும் நேரத்தையும், கரன்ட் பில்லில் யாருக்கு எவ்வளவு என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

பெரியவர்களைக் கேட்டீர்களா?

அந்த வீட்டில் தினமும் இருக்கப்போவது அப்பாவும் அம்மாவும்தான். வாசல் பொதுவா, தனியா? துணி துவைக்கும் கல் யாருக்கு? அம்மா சாயங்காலம் உட்காரும் திண்ணை யார் பக்கம் வரும்? இதையெல்லாம் அவர்களிடமே கேட்டு, அதன்பிறகு தடுப்புச் சுவருக்கு நூல் பிடியுங்கள். வாடகைக்காக அவர்கள் சொந்த வீட்டிலேயே ஒதுங்கி வாழும் நிலை வந்துவிடக் கூடாது.