மாங்கொட்டைப் பருப்பு தின்ற ரோகு

ராஜபாளையம் வட்டாரத்தில் மாம்பழப் பருவம் வந்துவிட்டால் தின்று எறிந்த மாங்கொட்டைக்குக் கணக்கே இல்லை. அந்தக் கொட்டைக்குள் இருக்கும் பருப்பை மீனுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், புவனேசுவரம் அருகே கௌசல்யகங்காவில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தார். ஒரு கிலோ தீவனத்துக்கு 1, 5, 10 கிராம் என்று பருப்புத்தூளைக் கலந்து, ரோகுக் குஞ்சுகளுக்கு 60 நாள் ஊட்டினார்கள். பிறகு ஏரோமோனாஸ் ஹைட்ரோபிலா என்ற பாக்டீரியாவைத் தொற்ற வைத்தார்கள். பருப்பு தின்ற குஞ்சுகள்தான் கூடுதலாகப் பிழைத்தன. அவற்றிலும் 5 கிராம் தின்ற கூட்டமே முன்னால் நின்றது. 10 கிராம் கூட்டம் அதற்குப் பின்னால்தான். ஆய்வு வெளிவந்தது 2007-இல்.

இந்தப் பாக்டீரியா வெளியிலிருந்து வரும் பகையாளி இல்லை. கான்சாபுரம், கூமாப்பட்டிப் பக்கத்துக் கண்மாய் ஆனாலும் தோட்டத்துப் பண்ணைக்குட்டை ஆனாலும், நன்னீரில் அது எப்போதும் உண்டு. கோடையில் தண்ணீர் வற்றி மீன்கள் நெருக்கியடிக்கும்போது, விடியற்காலையில் ஆக்சிஜன் குறையும்போது, மீனின் எதிர்ப்புச் சக்தி தளர்கிறது. அப்போதுதான் அது வேலையைக் காட்டும். உடம்பில் ரத்தத் திட்டு, ஆறாத புண், வீங்கிய வயிறு, சிலிர்த்து நிற்கும் செதில். கட்லா, ரோகு, மிர்கால் எதையும் விடாது.

ஆன்டிபயாட்டிக்கைத் தண்ணீரில் கொட்டினால் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவைத்தான் வளர்த்துவிடுவோம். குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் போன்றவற்றை மீன்வளர்ப்பில் பயன்படுத்தவே தடை இருக்கிறது.

அதனால்தான் மூலிகைகளின் பக்கம் பார்வை திரும்புகிறது. மதுரை லேடி டோக் கல்லூரி ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டது நம் வரப்போரக் கரிசலாங்கண்ணி. இலைச்சாற்றை 0.01 முதல் 1 சதவீதம் வரை தீவனத்தில் சேர்த்து, ஜிலேபிக் கெண்டைக்கு ஒன்று முதல் மூன்று வாரம் கொடுத்தார்கள். மீனின் ரத்தத்தில் லைசோசைம் கூடியது. பாக்டீரியாவின் சுவரைக் கரைக்கும் நொதி அது. நோய்க்கிருமியைச் செலுத்தியபோது சாவும் குறைந்தது. துளசி, தூதுவளையையும் இவர்கள் சோதித்திருக்கிறார்கள். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் மஞ்சள், வேம்பு, துளசி மூன்றின் சாற்றையும் சேர்த்து, நோயுற்ற தங்கமீன்களை அதில் முக்கி எடுத்துப் பார்த்தார்கள்.

இலைதானே, எவ்வளவு போட்டாலும் கெடுதல் இல்லை என்று நினைப்பது ஆபத்து. குஞ்சு விடுவதற்கு முன் குட்டையில் கிடக்கும் களைமீன்களைக் கொல்ல இலுப்பைப் புண்ணாக்கைத்தானே போடுகிறார்கள்! அதிலுள்ள சப்போனின் மீனின் ரத்த அணுக்களை உடைத்துவிடும். வேப்பஞ்சாறும் அளவு மீறினால் மீனைக் கொல்லும்.

இன்னொன்று: நோய் முற்றிய மீன் தீனி எடுக்காது. தீவனத்தில் கலக்கும் மூலிகை அதன் வயிற்றுக்குப் போகவே போகாது. ஆகவே இது முன்காப்பு. புண் வந்தபின் தேடும் மருந்தாக இதை நம்பக் கூடாது. மேலே சொன்னவை பெரும்பாலும் தொட்டியில் நடந்த சோதனைகள் என்பதையும் மறக்க வேண்டாம். தவிடும் கடலைப் புண்ணாக்கும் போட்டு மீன் வளர்ப்பவர்கள், மீன்வளத் துறையிடம் அளவைக் கேட்டுக்கொண்டு, முதலில் ஒரு சிறு குட்டையில், கோடை தொடங்கும் முன்பே செய்து பார்க்கட்டும்.