கொல்லங்குடி கருப்பாயி
கொல்லங்குடி கருப்பாயி (இறப்பு: 2025) தமிழ்நாட்டு நாட்டுப்புறப் பாடகியும் திரைப்பட நடிகையும் ஆவார். இவரது ஊரான கொல்லங்குடி சிவகங்கை மாவட்டத்தில் உள்ளது. 1985 வரை இவ்வூரும் காரியாபட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழி ஆகியவையும் ஒரே இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன.

மழையை நம்பிய இந்த வறண்ட நிலத்தில் நடவு, களையெடுப்பு, தாலாட்டு, ஒப்பாரி என ஒவ்வொன்றுக்கும் பாட்டு உண்டு. அவை ஏட்டில் ஏறாமல் பெண்களின் நினைவிலேயே நிலைத்தன. அத்தகைய பாடல்களைக் கருப்பாயி வானொலியில் பாடினார். பாண்டியராஜன் இயக்கி இளையராஜா இசையமைத்த ஆண் பாவம் (1985) படத்தில் பாட்டியாக நடித்து, தம் குரலிலேயே பாடினார். தமிழக அரசின் கலைமாமணி விருதும் பெற்றார்.

பதிவாகாத பாடல்கள் பாடியவரோடு மறைந்துவிடுகின்றன. படத்தில் பதிவான இவரது குரல் இன்றும் கேட்கக் கிடைக்கிறது.