கணக்கில் வராத கழுகுகள்

பசுமைப் பொருளாதாரம் என்றதும் கல்லூரி மாணவர்களிடம் முதலில் வந்து விழும் சொற்கள் மரம் நடுதல், மஞ்சப்பை, சூரிய மின்தகடு. மூன்றும் சரியானவைதான். ஆனால் அதன் வேர் ஒரு கணக்கு முறை. நீர், மண், காற்று, உயிரினங்கள் எல்லாம் முதல். அந்த முதலைத் தின்று வரும் பணத்தை வருமானம் என்று எழுதக் கூடாது. கிடைக்கும் பலனில் எளியவர்க்கும் பங்கு வேண்டும். 1989இல் டேவிட் பியர்ஸ், அனில் மார்க்கண்டேயா, எட்வர்ட் பார்பியர் மூவரும் எழுதிய நூலின் தலைப்பிலேயே இச்சொல் இடம்பெற்றது. 2012இல் ரியோ மாநாடு இதைப் பேசியது.

எம்.சி. மேத்தா வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கியது. பின்னர் பல்கலைக்கழக மானியக் குழு இளநிலை மாணவர் அனைவருக்கும் ஆறு மாதப் பாடம் வகுத்தது. குறை எங்கே என்றால், மாசின் வகைகள் ஒரு தாளிலும் மொத்த உள்நாட்டு உற்பத்தி வேறொரு தாளிலும் இருக்கின்றன. பாலாற்று மணலை அள்ளி விற்றால் உற்பத்தி கூடும். அதனால் கரையோரக் கிணறு வற்றினால் எதுவும் கழிக்கப்படாது. இரண்டு தாள்களையும் சேர்த்துப் படித்தால்தான் இது கண்ணில் படும்.

செங்கல்பட்டு வட்டாரத்தில் இதற்கு வகுப்பறையே தேவையில்லை. திருக்கழுக்குன்றம் வேதகிரி மலையில் நண்பகலில் சர்க்கரைப் பொங்கல் உண்ண இரண்டு கழுகுகள் வந்துகொண்டிருந்தன. அவை மஞ்சள்முகப் பாறுகள். 1990களில் அந்த வருகை நின்றது. அதே காலத்தில் நாடெங்கும் பாறு இனங்கள் சரிந்தன. வெண்முதுகுப் பாறு 99 விழுக்காட்டுக்கு மேல் அழிந்தது. மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற பறவைகளின் சிறுநீரகத்தைக் கெடுத்ததே பெருங்காரணம். கால்நடைகளுக்கு அம்மருந்து 2006இல் தடை செய்யப்பட்டது. மேற்சொன்ன மார்க்கண்டேயாவே பிற ஆய்வாளர்களுடன் 2008இல் இந்த இழப்பைக் கணக்கிட்டார். பிணம் தின்னப் பாறு இல்லாததால் தெருநாய்கள் பெருகின, வெறிநாய்க்கடி கூடியது. 1993 முதல் 2006 வரை இந்தியாவுக்கு நேர்ந்த செலவு சுமார் 3,400 கோடி டாலர். ஒரு பறவை கூலியின்றிச் செய்துவந்த வேலையின் மதிப்பு அது.

இந்தக் கணக்கை வேடந்தாங்கல் உழவர்கள் ஏட்டில் எழுதாமலே அறிந்திருந்தனர். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பதால் வேட்டையைத் தடுத்தனர். 1798இல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களின் உரிமையை ஏற்றார்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலிக்கு வரும் மாணவர்கள் இன்னொன்றையும் காணலாம். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பின் பாம்புத்தோல் வணிகம் முடங்கி, இருளர்கள் பிழைப்பை இழந்தனர். 1978இல் அவர்களுக்காக ஒரு கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றைப் பிடித்துச் சில வாரங்கள் மண்பானையில் வைத்து நஞ்செடுக்கிறார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். நாட்டின் நச்சுமுறி மருந்துக்கான நஞ்சில் பெரும்பகுதி இங்கிருந்தே போகிறது. தோலுக்காகக் கொன்றால் ஒரு பாம்பு ஒரு முறைதான் காசு தரும்; இங்கே அது உயிரோடு திரும்புகிறது.