கால் மணித்தியாலத்துக்கு 250 சொற்கள்

எழுத்தார்வம் உள்ளவர்கள் நம்மிடையே ஏராளம். எழுதி முடித்தவர்கள் சிலரே. "நேரமில்லை" என்பர் ஒரு சாரார். "மனம் எழும்போதுதானே எழுதலாம்" என்பர் மறு சாரார். கல்லூரியில் என் மாணாக்கர் இவ்வாறு கூறும்போது நான் எடுத்துக்காட்டும் ஒருவர், ஆங்கில நாவலாசிரியர் அன்ரனி ட்ரொலப்.

1834 இல் இலண்டன் தபாற் கந்தோரில் எழுதுவினைஞராகச் சேர்ந்தவர் அவர். 1867 வரை தபால் திணைக்களத்திலேயே பணியாற்றினார். ஆயினும், தம் வாழ்நாளில் 47 நாவல்களை எழுதி முடித்தார். இது எவ்வாறு கைகூடிற்று?

அதிகாலை ஐந்தரை மணிக்கே மேசைக்கு வந்துவிடுவார். தம்மை எழுப்பிக் கோப்பி கொண்டுவரும் வேலையாளுக்கு ஆண்டுக்கு 5 பவுண் மேலதிகமாகக் கொடுத்தார். மணிக்கூட்டை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணித்தியாலத்துக்கு 250 சொற்கள் என எழுதினார். நாவல் ஒவ்வொன்றுக்கும் ஒரு நாட்குறிப்பேடு. அன்றன்று எழுதிய பக்கங்களின் தொகை அதில் பதிவாகும். 250 சொற்கள் ஒரு பக்கம். வாரத்துக்குச் சராசரி 40 பக்கம். எழுதாத நாளின் வெற்றிடமே அவரைக் குற்றஞ்சாட்டும்.

புகையிரதத்திலும் எழுதினார், கப்பலிலும் எழுதினார். 1871 இல் அவுஸ்திரேலியா செல்லும்போது கப்பல் அறையில் மேசை அமைப்பித்து, 'லேடி அனா' என்ற நாவலை எழுதி முடித்தார். 1875 இல் மீண்டும் அங்கே செல்லும் வழியில் இலங்கையிலும் தங்கி, இந்நாட்டைப் பற்றிப் பத்திரிகைக்குக் கடிதங்கள் எழுதினார்.

அவர் மறைந்த மறு ஆண்டு, 1883 இல், தன்வரலாறு வெளிவந்தபோதுதான் இக்கணக்குகள் வெளிப்பட்டன. மணிக்கூடு பார்த்து எழுதுவது கலையா, கைத்தொழிலா எனச் சிலர் முகஞ்சுளித்தனர். அவர் புகழும் சிலகாலம் மங்கிற்று.

கேள்வி நியாயமானதே. ஆனால் அவர்கள் கவனிக்கத் தவறிய ஒன்றுண்டு. நாளொன்றுக்கு மூன்று மணித்தியாலம் எழுதிய ட்ரொலப், முதல் அரை மணித்தியாலத்தை முந்திய நாள் எழுதியதை வாசிப்பதற்கே ஒதுக்கினார். வாக்கியங்களின் ஓசையைத் தம் செவியால் நிறுத்துப் பார்த்தார். சொற்கணக்கு அவரை மேசைக்கு அழைத்து வந்தது. அந்த வாசிப்பு எழுத்தின் தரத்தைக் காத்தது. இரண்டும் சேர்ந்ததே அவர் பழக்கம்.

நமக்கு 250 சொற்கள் கால் மணித்தியாலத்தில் வாரா. நாளொன்றுக்கு 100 சொற்களே போதும். 300 நாளில் 30,000 சொற்கள் சேரும். அது ஒரு குறுநாவல். நேற்று எழுதியதை முதலில் வாசியுங்கள். பிறகு இன்றைய 100 சொற்களை எழுதுங்கள். முடிவில் ஒரு கொப்பியில் திகதியிட்டுக் குறித்து வையுங்கள். மனம் எழுவதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நாம் மேசைக்குப் போனால், பெரும்பாலும் அது பின்னால் வந்து சேரும்.