விழுங்குவதில் சிரமமா? எண்டோஸ்கோபியில் குறை தெரியாவிட்டாலும் நோய் இருக்கலாம்!

உண்ணும் உணவு நெஞ்சில் சிக்கி நிற்பது போன்ற உணர்வு, உண்டது மீண்டும் வாய்க்கு வருதல், நெஞ்சு வலி ஆகியவற்றை நெஞ்செரிச்சல் என்றே கருதி, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளை மாதக்கணக்கில் உட்கொள்வோர் பலர். ஆனால், இவை 'அக்கலேசியா' எனும் உணவுக்குழாய் இயக்கக் கோளாறின் அறிகுறிகளாகவும் இருக்கலாம். அரிதான நோய் என்பதால், இதனைக் கண்டறியவே சில ஆண்டுகள் ஆகிவிடுவதுண்டு.

அக்கலேசியா என்றால் என்ன?

உணவுக்குழாய் என்பது சுமார் 25 செ.மீ. நீளமுள்ள தசைக்குழாய். விழுங்கிய உணவை அதன் தசைகள் அலை போலச் சுருங்கி கீழே தள்ளுகின்றன. அப்போது இரைப்பையின் நுழைவாயிலில் உள்ள சுருக்குத்தசை தளர்ந்து வழிவிட வேண்டும். இவற்றைக் கட்டுப்படுத்தும் நரம்பு செல்கள் அழிவதால், அக்கலேசியாவில் அலை சீராக எழுவதில்லை. சுருக்குத்தசையும் முறையாகத் தளர்வதில்லை.

முதல் தடயம்

சோறு, சப்பாத்தி போன்ற திட உணவுகளில் தொடங்கும் சிரமம் நாளடைவில் திரவத்துக்கும் பரவினால், புற்றுநோய் உள்ளிட்ட காரணங்களால் குழாய் குறுகியிருக்கலாம். தொடக்கம் முதலே திடம், திரவம் இரண்டையும் விழுங்க முடியாவிட்டால், இயக்கக் கோளாறாக இருக்க வாய்ப்பு அதிகம்.

எந்தப் பரிசோதனை எதைக் காட்டும்?

எண்டோஸ்கோபி: புற்றுநோய், புண், குறுக்கம் ஆகியவற்றைக் கண்டறிய இதுவே முதலில் செய்யப்படுகிறது. ஆனால், தசை இயக்கத்தை இதனால் அளவிட முடியாது. எனவே, தொடக்க நிலை அக்கலேசியாவில் முடிவு இயல்பாகவே வரக்கூடும்.

பேரியம் எக்ஸ்ரே: பேரியம் கரைசலைப் பருகச் செய்து படமெடுக்கும்போது, விரிந்த குழாயின் கீழ்முனை பறவையின் அலகு போலக் குறுகித் தெரியலாம்.

மானோமெட்ரி: நோயை உறுதிசெய்யும் முதன்மைப் பரிசோதனை இது. அழுத்தத்தை உணரும் மெல்லிய குழாயை மூக்கு வழியாகச் செலுத்தி, நோயாளியைச் சிறிது சிறிதாகத் தண்ணீர் விழுங்கச் செய்வர். ஒவ்வொரு முறையும் தசைகள் சுருங்குவதும் தளர்வதும் கணினியில் பதிவாகும். அக்கலேசியாவின் 3 வகைகளில் எது என்பதும் இதில் தெரியவரும்.

வகை தெரிவது ஏன் முக்கியம்?

பலூன் மூலம் விரிவாக்குதல், லேப்ராஸ்கோபி அறுவை சிகிச்சை, எண்டோஸ்கோபி வழியாகத் தசையை வெட்டும் 'போயம்' ஆகியவற்றில் பொருத்தமானதைத் தேர்வுசெய்ய இது உதவுகிறது. அழிந்த நரம்பு செல்களை மீட்க முடியாது. ஆனால், உணவு இறங்குவதை எளிதாக்க முடியும்.

எப்போது தாமதிக்கக் கூடாது?

உணவு அடைத்து உமிழ்நீரைக் கூட விழுங்க முடியாத நிலை, ரத்த வாந்தி ஆகியவை ஏற்பட்டால் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காரணமின்றி எடை குறைந்தாலும், இரவில் இருமலுடன் உணவு மேலேறி வந்தாலும் விரைவில் மருத்துவரை அணுக வேண்டும். எண்டோஸ்கோபியில் குறை இல்லை எனக் கூறப்பட்ட பிறகும் சிரமம் தொடர்ந்தால், மானோமெட்ரி தேவையா என இரைப்பை குடல் மருத்துவரிடம் கேட்பது அவசியம்.