தங்கத் துகளும் புற்றுநோய்க் கட்டியும்

தங்கத்தால் புற்றுநோயை மாற்றலாம் என்ற பேச்சுக்கு ஓர் உண்மையான அடிப்படை உண்டு. ஆனால் அதை அரைகுறையாகக் கேட்டவர்களிடம், எஞ்சியிருக்கும் தாலிக்கொடியையும் ஈடுவைக்கச் செய்து பஸ்பமோ குளிசையோ விற்பது எளிது. எனவே விடயத்தை ஆறுதலாகப் பார்ப்போம்.

ஐக்கிய அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலுள்ள றைஸ் பல்கலைக்கழகத்தில் நயோமி ஹாலஸ், ஜெனிபர் வெஸ்ற் என்னும் இரு பெண் விஞ்ஞானிகள் இம்முறையை வளர்த்தெடுத்தனர். துகளின் நடுவில் இருப்பது சிலிக்கா, அதாவது மணலிலுள்ள அதே பொருள். அதன்மேல் மெல்லிய தங்கத் தோல். முழுத் துகளின் குறுக்களவு ஏறக்குறைய 150 நனோமீற்றர். எமது இரத்தத்தின் ஒரு சிவப்பணுவின் அகலத்தில் இவற்றில் ஏறக்குறைய 50ஐ வரிசையாக வைக்கலாம்.

சேலைன் ஏற்றுவதுபோல இத்துகள்களை நாளத்தில் ஏற்றுவார்கள். அவை கட்டியை எப்படிக் கண்டுபிடிக்கின்றன? உண்மையில் அவை தேடிப் போவதில்லை. கட்டி அவசரமாக வளர்வதால் அதன் இரத்தக் குழாய்களும் அவசர வேலைதான். நண்டு துளைத்த வரம்பு நீரைக் கசியவிடுவதுபோல, அக்குழாய்கள் துகள்களைக் கசியவிடுகின்றன. கசிந்தவை கட்டிக்குள் தங்குகின்றன. (மிகுதியில் பெரும்பகுதி ஈரலுக்கும் மண்ணீரலுக்கும் போய்ச் சேரும்.)

இனி ஒளியின் வேலை. எரியும் ரோச் லைற்றை விரல்நுனியால் மூடிப் பாருங்கள். விரல் சிவப்பாய்த் தெரியும். சிவப்பு ஒளி தசையை ஓரளவு ஊடுருவும் என்பதற்கு அது சாட்சி. சிவப்புக்கு அப்பாலுள்ள, கண்ணுக்குத் தெரியாத ஒளி இன்னும் ஆழமாகச் செல்லும். தசை அதை அதிகம் உறிஞ்சாது. தங்கத் தோலின் தடிப்பைச் சரியாக அமைத்தால் துகள் அந்த ஒளியை உறிஞ்சிச் சூடேறும். கொதிநீரில் முட்டையின் வெள்ளைக்கரு இறுகுவதுபோல, சுற்றியுள்ள புற்றுக் கலங்களின் புரதங்கள் இறுகிக் கலங்கள் மடியும். துகள் இல்லாத இடம் அவ்வளவு சூடாவதில்லை.

ஆகவே கலத்தைக் கொல்வது வெப்பம்; தங்கம் அந்த வெப்பத்தை உரிய இடத்தில் உண்டாக்கும் கருவி மாத்திரமே. லேசர் இல்லாமல் தங்கத்தை விழுங்கினாலும் பூசினாலும் கட்டிக்கு ஒன்றும் ஆகாது.

இம்முறையை மனிதரில் பரிசோதித்த முடிவுகள் 2019இல் வெளிவந்தன. ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழுள்ள புரோஸ்டேட் சுரப்பியில், வேறிடம் பரவாத புற்றுநோய் கொண்ட 16 பேருக்கு முதல்நாள் துகள் ஏற்றி, மறுநாள் சுரப்பிக்குள் மெல்லிய லேசர் இழையைச் செலுத்தினர். 15 பேருக்குச் சிகிச்சை பூர்த்தியாயிற்று. சிறுநீர் கழிப்பதில் குறிப்பிடத்தக்க பாதிப்பு ஏற்படவில்லை. நல்ல செய்திதான், ஆனால் 16 பேர் மிகச் சிறிய தொகை. உடலெங்கும் பரவிவிட்ட புற்றுநோய்க்கு இது பொருந்தாது, ஏனெனில் லேசரை எல்லா இடத்துக்கும் கொண்டுபோக முடியாது.

எமது நாட்டில் தெல்லிப்பழையிலும் மகரகமவிலும் சத்திரசிகிச்சை, மருந்து, கதிர்வீச்சு ஆகியவற்றால் புற்றுநோய்க்குச் சிகிச்சை அளிக்கின்றார்கள். அரசாங்க வைத்தியசாலைகளாதலால் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. நகையை ஈடுவைக்கும் முன் கட்டியை அங்கே காட்டுங்கள்.